நண்டோடு வந்த பாசி

என் தங்க அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. வெண்ணந்தூர்ப் பக்கம் இந்த வருடம் மழை பரவாயில்லை. நீ வைத்த எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. பறிக்க ஆளில்லாமல் பாதி மண்ணில்தான் கிடக்கிறது. உன் பேரன் கவின் கல்லூரியில் இரண்டாம் வருடம். தலைமுடியை என்னவோ செய்து வைத்திருக்கிறான். நீ இருந்திருந்தால் அவன் தூங்கும்போது கத்தரித்துவிட்டிருப்பாய். கோழிகள் நன்றாக இருக்கின்றன.

இதைச் சொல்லவா இவள் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்கு இதற்குள் சந்தேகம் வந்திருக்கும். நான் வளவளவென்று ஆரம்பித்தாலே, "விஷயத்துக்கு வாடி" என்பாயே. வருகிறேன். உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன் அம்மா, வாய் வரவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறேன். எழுதினால் உன் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? நாலு பேர் படிக்கிற மாதிரியேதான் எழுதுகிறேன். நாலு பேர் கேட்கப் பெருமை அடித்தவள், நாலு பேர் முன்னால்தான் வெட்கப்படவும் வேண்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா லாரி ஓட்டினார். நாமக்கல் தீவன மில்லுக்குக் கருவாடு ஏற்ற இராமநாதபுரம் கடற்கரைக்குப் போனவர், கருவாட்டோடு உன்னையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடிக்க வராதே. முறையாகப் பெண் கேட்டுத்தான் கட்டினார் என்று எனக்குத் தெரியும். ஊர்தான் இன்றைக்கும் இப்படிச் சொல்லிச் சிரிக்கிறது.

சொந்தக்காரர்கள் உன்னைக் "கடக்கரைக்காரி" என்றார்கள். நீ எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாய். "வாரேனுங்க", "ஆமாங்க" எல்லாம் எங்களைவிட நன்றாகச் சொன்னாய். கம்பங்களி கிண்டினாய், எருமை கறந்தாய், கோழிக்கு ஊசி போடக்கூடப் பழகினாய். நீ எங்களிடமிருந்து இவ்வளவு கற்றுக்கொண்டாயே, எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உன்னிடம் கடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டோமா? அங்கே நீ என்ன வேலை செய்தாய், எந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்று கேட்டோமா? கல்யாணத்துக்கு முன்னால் நீ பாசி பறித்தவள் என்பதே எனக்கு இந்த வருடம்தான் தெரியும். அதையும் உன் தங்கை செல்லம்மா சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நம் கோழிப் பண்ணைக்குக் கடல்பாசி வாங்கும் யோசனை என்னுடையது. உனக்கு நினைவிருக்கும், உன் கடைசி வருடத்தில் ஆரம்பித்தது. காய்ந்த பாசியைத் தீவனத்தில் கொஞ்சம் கலந்தால் முட்டைக் கரு நல்ல நிறமாக வரும் என்றார்கள். விசாரித்தால் உன் ஊர்ப் பக்கத்திலேயே ஓர் ஏஜெண்ட் கிடைத்தார். "அம்மா, உன் பொறந்த ஊர்ச் சரக்கு நம்ம பண்ணைக்கு வருது" என்று ஓடிவந்து சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாயா என்று நின்று பார்க்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது வெளுத்துப்போன பாசி. அலை தானாகக் கரையில் ஒதுக்கிப் போட்டது. மணல் ஒட்டிக்கொண்டு, பார்க்கவே சவசவ என்று இருந்தது. பிறகு ஒரு லோடில் சில மூட்டைகள் மட்டும் வேறு மாதிரி வந்தன. நம் ஷெட்டில் தீவனம் கலக்கும் பழனிசாமி ஒரு மூட்டைக்குள் கையை விட்டு அள்ளியவர், அப்படியே கத்தினார்.

"அம்மிணி, இங்க வாங்க! நண்டுங்க, நண்டு! மூட்டை பூராவும் கெடக்குதுங்க."

அவர் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ந்த நண்டுகள். அவ்வளவு சின்னதிலும் கால், கொடுக்கு, கண் எல்லாம் இருந்தன.

"முட்டை ஓடு கெட்டியாகோணும்னு கிளிஞ்சலை வேற வாங்கிப் போடறோமுங்க. இது பாசியோடயே வந்துருச்சு பாருங்க. நல்ல சத்துச் சரக்குங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் கோழி நினைப்புத்தானே. கத்தரிக்காயில் புழு இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று தேடி வாங்குவோம், அதே கணக்கைக் கடலுக்கும் போட்டுவிட்டேன். நண்டு இருந்தால் புதுப் பாசி, நண்டு இல்லாவிட்டால் பழசு. அன்றைக்கே ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "நண்டு இருக்கற சரக்கா மட்டும் அனுப்புங்க. நண்டு இல்லாத மூட்டை வந்துதுன்னா லாரியிலயே திருப்பிப் போட்டுருவேன்" என்றேன். சொன்னபடி திருப்பியும் போட்டேன்.

அதோடு விட்டேனா? இராசிபுரத்தில் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் பெண் என்று என்னையும் மேடையேற்றி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "மூட்டைக்குள்ள கையை உட்டுப் பாருங்க. நண்டு கையில குத்துனாத்தான் அது நல்ல பாசி" என்றேன். கைதட்டினார்கள் அம்மா. திருச்செங்கோட்டிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் போன் போட்டு ஏஜெண்ட் நம்பர் கேட்டார்கள். எங்கம்மா அந்த ஊர்க்காரிதானுங்க என்று ஒவ்வொருவரிடமும் உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

சரி, இப்போது உன் வருடத் திதிக்கு வருகிறேன்.

இராமேசுவரம் போய், கவின் கையால் எள்ளும் தண்ணீரும் விட்டோம். அங்கிருந்து சித்தி ஊர் பக்கம்தான் என்பதால் என் வீட்டுக்காரரையும் அவனையும் கோயிலில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆட்டோ பிடித்துப் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனேன். உன் ஊர்ப் பாசியை எங்கள் ஜில்லா முழுக்க விலைபோக வைத்தவள் நான் அல்லவா. சித்தி கட்டிக்கொண்டு அழுவாள், பாராட்டுவாள், நண்டுக் குழம்பு வைப்பாள் என்று வழியெல்லாம் நாக்கு ஊறிற்று.

சித்தி கட்டிக்கொண்டு அழுதாள். உன் ஜாடை அப்படியே இருக்கிறது அம்மா, குரல்கூட. இலை போட்டாள். சோறு, ரசம், முட்டைக் குழம்பு.

"நண்டு இல்லீங்களா சித்தி?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"நண்டுக்கு எங்க தாயி போக? வலைய விட்டா வெறும் வலதான் ஏறுது. இந்தா, முட்டைய நல்லாப் போட்டுத் தின்னு. கடையில வாங்குனது, ஒங்க நாமக்கல் முட்டதான்."

கடலோரத்தில் உட்கார்ந்து நம் ஊர் முட்டையைத் தின்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுத்தேன். மூட்டையிலிருந்து நண்டு கொட்டுவதைக் கூட்டத்துக்காக ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தேன். "இங்க பாருங்க சித்தி, உங்க ஊர்ப் பாசிதானுங்க. நாந்தான் வாங்கறேன்" என்று காட்டினேன்.

சித்தி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். முடிந்ததும் திரும்ப ஒருதரம் போடச் சொன்னாள். பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நாமக்கல் பார்ட்டி ஒருத்தரு நண்டோடதான் பாசி வேணும்னு கேக்குறாராம்னு சொன்னாக. யாரோ ஒரு ஆம்பளைன்னு நெனச்சேன். நீதானா தாயி அது?"

திட்டவில்லை அம்மா. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். என் வாய் உனக்குத் தெரியுமே. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, "தண்ணி வத்தியிருக்கு, வா" என்று எழுந்து கடலைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

முழங்கால் தண்ணீர்தான். அடி மணல் தெரிந்தது. சித்தி முதலில் ஓர் ஓரமாகக் கூட்டிப்போனாள். அங்கே கல்லைப் பிடித்துக்கொண்டு பாசி கொத்துக் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு கொத்தை மெதுவாக விலக்கினாள். உள்ளேயிருந்து நாலைந்து நண்டுக் குஞ்சுகள் சிதறி ஓடின, ஓடிய வேகத்தில் அடுத்த கொத்துக்குள் நுழைந்து காணாமல் போயின. "முந்தியெல்லாம் இப்படி வெலக்குனா அரிசி கொட்டுன மாதிரி ஓடும்" என்றாள். ஆழத்துக்குப் போகிற அளவு பெரிதாகும்வரை அதுகளுக்கு இதுதான் வீடாம். மீன் வந்தாலும் கொக்கு வந்தாலும் இதற்குள்தான் ஒளிய வேண்டும், வேறு இடம் கிடையாது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளிக் கூட்டிப்போனாள். அங்கே ஒன்றும் இல்லை. இரும்பு வாரியை வைத்து வாரி எடுத்திருக்கிறார்கள். கல்லெல்லாம் தேய்த்த பாத்திரம் மாதிரி மொட்டையாக இருந்தது. கரை ஒதுங்கும் பாசியில் நண்டு இருக்காது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நண்டோடு வேண்டும் என்றால் உயிருள்ள பாசியைத்தான் பிடுங்க வேண்டும். நான் திருப்பிப் போட்ட அந்த வெளுத்த பாசிதான் யார் குடியையும் கெடுக்காத பாசி.

என் சேலையின் அடிக்கொசுவம் நனைந்து தண்ணீருக்குள் அலைந்துகொண்டிருந்தது. நீ எடுத்துக் கொடுத்த அந்தப் பச்சைச் சேலைதான். கணுக்காலில் என்னவோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். விரல்நகம் அளவுக்கு ஒரு நண்டுக் குஞ்சு, சேலை மடிப்புக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது. அலை வந்தால் ஒதுங்கும், மறுபடியும் வரும். நுழைந்தே விட்டது. உள்ளே போய் இரண்டு கொடுக்காலும் துணியைப் பிடித்துக்கொண்டது.

"நவராத. ஒதுங்க எடமில்லாம ஒஞ்சேலையப் பாசின்னு நெனச்சு வந்துருக்கு" என்றாள் சித்தி.

நான் நகரவில்லை அம்மா. அழுதேன். குஞ்சு விடும் ஷெட்டில் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். தரையில் உமி பரப்பி, நாலு பக்கமும் திரை கட்டி, பல்பு சூடு போதுமா என்று கையை வைத்து வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் காற்று அடித்தாலே பதறுவேன். அப்பேர்ப்பட்டவள் இந்தக் குஞ்சுகளின் கூரையைப் பிரித்து அந்தக் குஞ்சுகளுக்கு இரை போட்டிருக்கிறேன். கூரையோடு சேர்த்துக் குஞ்சையும் போட்டிருக்கிறேன். அதைத்தான் மைக்கில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

சித்தி உள்ளங்கையைக் குழித்து அந்த நண்டை வாங்கிக்கொண்டுபோய்ப் பாசி இருந்த பக்கம் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது கேட்டாள்: "அக்கா ஒன்ட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

சொன்னாய் அம்மா. அங்கே நின்றபோதுதான் எனக்கு அது வந்து முகத்தில் அறைந்தது.

அந்த நண்டு லோடு வந்த வாரம். நீ ஷெட்டுப் பக்கம் வந்து, மூட்டையிலிருந்து நண்டுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாய். "இது குஞ்சுடி சாந்தா, இதை எதுக்குப் பிடிச்சாங்க?" என்று கேட்டாய். "யாரும் பிடிக்கலம்மா, பாசியோட வந்தது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். மத்தியானம் பார்த்தால், கோழிக்குத் தண்ணீர் போகும் சிமெண்டுத் தொட்டியில் காய்ந்த பாசியை அள்ளிப் போட்டிருக்கிறாய். அது ஊறி விரிந்து, கிளை கிளையாக நின்றது. கிளைகளுக்கு நடுவில் நண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "வா, இப்படித்தான் இருக்கும். வந்து பாரு" என்றாய்.

நான் என்ன செய்தேன்? "கோழித் தண்ணியில உப்பு ஏறுனா கழிச்சல் வந்துரும், உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அடைப்பைப் பிடுங்கித் தொட்டியைத் திறந்து விட்டேன். பாசியும் நண்டும் வாய்க்காலில் ஓடின. நீ முறத்தைத் தட்டி உள்ளே எடுத்துப் போனாய். அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது, செத்த நண்டைத் தண்ணீரில் போட்டு உயிர் வரவைக்கப் பார்த்தாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உன் காதில் அது விழுந்திருக்கும், இல்லையா? உன் கடலை நீ எனக்குக் காட்டக் கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான்.

கிளம்பும்போது சித்தி, "அடுத்த தடவ வா தாயி, நண்டு இருந்தா ஆக்கித் தாரேன்" என்றாள். அந்த "இருந்தா" வழியெல்லாம் என் கூடவே வந்தது.

ஊருக்கு வந்ததும் ஏஜெண்டைக் கூப்பிட்டு, கரை ஒதுங்கிய பாசி மட்டும் போதும் என்றேன். அவர் சிரித்தார். "நீங்க வேணாம்னா என்னம்மா, ஒங்க ஊர்ல இப்ப அத்தனை பேரும் நண்டுச் சரக்குத்தான் கேக்காக. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்றார். நான் நிறுத்தினால் என் மூட்டை மட்டும்தான் நிற்கும், வாரி நிற்காது. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "ஏனுங் அம்மிணி, கடல்ல நண்டு எங்க ஒளிஞ்சா நமக்கென்னுங்க? நீங்கதானுங்க குத்துனாத்தான் நல்லதுன்னீங்க" என்று என் வார்த்தையையே எடுத்து நீட்டினார்.

என் வீட்டுக்காரரும், "இதையப் போயி ஊரெல்லாம் சொல்லோணுமா சாந்தா? நம்ம பண்ணையில நிறுத்திப்போட்டோம், அதோட உடு. சிரிப்பாங்க" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை, சிரிக்கத்தான் செய்வார்கள். மேடையில் பேசியவள் அதே மேடையில் ஏறி, நான் சொன்னது தப்பு என்று சொன்னால் நம் ஊரில் அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் எடுபடாது. அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நண்டுச் சரக்கில் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. கலக்க வேண்டாம் என்று எடுத்து வைத்தேன். நேற்று சாயங்காலம் கவினின் பழைய மீன் தொட்டியைக் கழுவித் தண்ணீர் பிடித்து, பாசியைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மெதுவாக விரிந்தது. நண்டுகளை உன்னைப் போலவே நடுவில் ஒவ்வொன்றாக வைத்தேன். என் கை உன் கை மாதிரி நிதானமாக இல்லை, இரண்டு மூன்று கவிழ்ந்தன.

பழனிசாமி கையில் மண்வெட்டியோடு வந்து நின்றார். "இதுக்குள்ளதான் இருந்துச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இதுதானுங்க அதுகளுக்கு ஊடு" என்றேன்.

அவர் குனிந்து கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். "நாந்தானுங்க மொதல்ல கத்துனேன், நண்டு நண்டுன்னு" என்று சொல்லிவிட்டு, மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். அவருக்குப் புரிய நான் இரண்டு வார்த்தைதான் பேச வேண்டியிருந்தது. மீதியைத் தொட்டி சொல்லிவிட்டது. நீயும் அன்றைக்குப் பேச்சை நம்பாமல் தொட்டியைத்தானே நம்பினாய்?

வருகிற மாதம் இராசிபுரத்தில் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. அந்த மீன் தொட்டியை மேடையில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன் அம்மா. எல்லோர் கண்ணெதிரிலும் தண்ணீர் ஊற்றி, பாசி விரியும்வரை காத்திருந்து, "வாங்க, இப்படித்தான் இருக்கும், வந்து பாருங்க" என்று நீ கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுவேன். நண்டு இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பிப் போடுங்கள் என்று அதே மைக்கில் சொல்வேன். அம்மாவுக்கு வந்த தடுமாற்றம் மகளுக்கும் வந்துவிட்டது என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும். யார் கத்தினாலும் இந்தத் தடவை தொட்டியைத் திறந்து விட மாட்டேன்.

நீ "வந்து பாரு" என்று கூப்பிட்டு,
இத்தனை தாமதமாக வந்து பார்த்த உன் மகள்,
சாந்தா